மாப்பிள்ளை வண்டியும் ஒரு ஸ்கஃபிளும்

நீங்கள் எல்லோரும் மனிதவளத் துறை என்று அழகான பெயர் போட்ட நாற்காலியில் வந்து உட்கார்ந்திருக்கிறீர்கள். நான் சேர்ந்தபோது அதற்குப் பெர்சனல் டிபார்ட்மெண்ட் என்று பெயர். அதிலே நான் வெல்ஃபேர் ஆபீசர். கேட்பதற்கு ஊருக்கெல்லாம் நல்லது செய்கிற உத்தியோகம் மாதிரி இருக்கும். நடைமுறையில், கேன்டீன் சாம்பாரில் உப்பு கூடினாலும் என்னிடம் வருவார்கள், கம்பெனி பஸ் பாதியில் நின்றாலும் என்னிடம் வருவார்கள், இரண்டு பேர் ஒருவர் சட்டையை ஒருவர் பிடித்துக்கொண்டாலும் என்னிடம்தான் வருவார்கள். எனக்குக் கோபம் சட்டென்று வரும், அதைவிடச் சட்டென்று சிரிப்பு வந்துவிடும். அந்த இரண்டாவது குணத்தால்தான் ஓய்வு பெறும் வரை தாக்குப்பிடித்தேன்.

போன முறை இங்கே வந்திருந்தபோது உங்களில் ஒரு பெண் கேட்டாள்: "மேடம், லைன்ல ரெண்டு பேர் அடிச்சிக்கிட்டா ரிப்போர்ட்ல என்னன்னு எழுதணும்?" நல்ல கேள்வி. சட்டப் புத்தகத்தில் பதில் தேடாதீர்கள், அங்கே தண்டனைதான் இருக்கும். நான் உங்களுக்கு ஒரே ஒரு ஆங்கில வார்த்தையைப் பற்றிச் சொல்கிறேன். ஸ்கஃபிள்.

கல்லூரியில் படித்தபோது அந்த வார்த்தையை நான் எங்கேயும் பயன்படுத்தியதில்லை. எனக்கு அதை அறிமுகம் செய்தவர் எங்கள் செக்யூரிட்டி சூப்பர்வைசர் தேவராஜ். வேலூர்ப் பக்கம் ஊர். ராணுவத்தில் ஹவில்தாராக இருந்து வந்தவர். மீசையைப் பார்த்தால் லாரிக்காரர்களே ஹாரன் அடிக்க யோசிப்பார்கள். கேட்டில் நடப்பதை எல்லாம் தினமும் ஆங்கிலத்தில் எழுதிக்கொண்டு வந்து என் மேஜையில் வைப்பார். அதில் வாரத்துக்கு ஒரு முறையாவது ஸ்கஃபிள் இருக்கும்.

அகராதியைப் புரட்டினேன். கைகலப்பு என்று போட்டிருந்தது. எனக்குத் திக்கென்றது. கைகலப்பு என்பது பத்திரிகைக்காரர்களின் செல்லப்பிள்ளை. சட்டசபையில் மைக்கைப் பிடுங்கினாலும் கைகலப்பு, கல்யாண மண்டபத்தில் மண்டை உடைந்தாலும் கைகலப்பு என்றுதான் எழுதுவார்கள். வாரத்துக்கு ஒரு மண்டை எங்கள் கம்பெனியில் உடைகிறதா என்று பயந்துபோய் அவரைக் கூப்பிட்டுக் கேட்டேன்.

தேவராஜ் அட்டென்ஷனில் நின்றுகொண்டு சொன்னார். "மேடம், நம்மகிட்ட மூணு கணக்குதான். வாய் மட்டும் போச்சின்னா ஆர்க்யுமெண்ட். கை ஆளு மேல போச்சின்னா அஸால்ட். கை பொருளு மேல போயி, ஆளு நடுவுல மாட்டிக்கினான்னா அதான் ஸ்கஃபிள்."

எந்த அகராதியும் இப்படிச் சொல்லாது. ஆங்கிலப் பேராசிரியர்கள் ஒப்புக்கொள்வார்களா என்றும் தெரியாது. ஆனால் ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வரைக்கும் தொழிற்சாலைகளில் நடக்கிற முக்கால்வாசிச் சண்டைக்கு அந்த அளவுகோல் சரியாக இருந்தது. தமிழில் சொன்னால் இழுபறி, தள்ளுமுள்ளு. அடிதடி இல்லை.

கம்பெனி பஸ்ஸை எடுத்துக்கொள்ளுங்கள். தண்டலத்தில் ஷிப்டுக்குப் பஸ் வந்து நிற்கும்போது ஜன்னல் வழியாகக் கர்ச்சீப்பை எறிந்துவிட்டால் அந்த சீட் எறிந்தவனுக்குச் சொந்தம். இதை யாரும் எழுதி வைக்கவில்லை, ஆனால் கம்பெனியின் எந்த விதியையும்விட ஒழுங்காகக் கடைப்பிடிக்கப்பட்ட விதி இதுதான். ஒருநாள் புதிதாகச் சேர்ந்த ஒருவன் விவரம் தெரியாமல் ஒரு கர்ச்சீப்பின் மேல் உட்கார்ந்துவிட்டான். கர்ச்சீப்புக்காரன் அதை அடியிலிருந்து உருவ, இவன் எழுந்திருக்க மறுக்க, பக்கத்தில் இருந்தவர்கள் விலக்க, சட்டைப் பை ஒன்று கிழிந்தது. அதுதான் ஸ்கஃபிள். இருவரும் கேன்டீனில் ஒன்றாக டீ குடித்துக்கொண்டிருந்தபோதுதான் எனக்கு ரிப்போர்ட்டே வந்தது.

கொஞ்ச நாளில் இந்த வார்த்தை கேட்டைத் தாண்டிவிட்டது. "வல்லக்கோட்டையில கிருத்திகைக்கு ஒரே ஸ்கஃபிள் மேடம், பிரசாதம் கூட வாங்க முடியல" என்று வெல்டிங் செக்‌ஷன் பையன் விபூதியோடு வந்து சொன்னான். கேன்டீனில் முட்டை போடுகிற நாளுக்கு ஸ்கஃபிள் டே என்று பெயர் வந்தது. வார்த்தை அதுபாட்டுக்கு சுகமாக ஊர் சுற்றிக்கொண்டிருந்தது. அந்த வார்த்தையை நம்பி இரண்டு பேருடைய வேலை தொங்கும் நாள் வரும் என்று நான் நினைத்துப் பார்க்கவில்லை.

எங்கள் கம்பெனி, கார் சீட்டுக்கு இரும்புச் சட்டம் செய்து கொடுக்கும் கம்பெனி. ஒரகடத்தைச் சுற்றி அப்போதுதான் ஒவ்வொரு காம்பவுண்டு சுவராக எழும்பிக்கொண்டிருந்தது. பொருட்களை இடம் மாற்ற எங்களிடம் சில பேலட் ட்ரக்குகள் இருந்தன. நீங்கள் பார்த்திருப்பீர்கள். இரண்டு இரும்புக் கரங்கள் முன்னால் நீண்டிருக்கும், பின்னால் நெஞ்சளவுக்கு ஒரு கைப்பிடி. கரங்களைப் பலகைக்கு அடியில் கொடுத்து, கைப்பிடியை அடித்து மேலே தூக்கி, இழுத்துக்கொண்டு போக வேண்டும். எல்லாக் கம்பெனியிலும் நடப்பதுதான் எங்களிடமும் நடந்தது. இருந்த வண்டிகளில் ஒன்றே ஒன்றுதான் நல்ல வண்டி. மற்றதெல்லாம் கிரீச்சென்று கத்தும், ஒரு பக்கமாக இழுக்கும், தூக்கிய சுமையைத் தானாகவே மெதுவாகக் கீழே இறக்கிவிடும்.

அந்த நல்ல வண்டிக்கு மாப்பிள்ளை என்று பெயர். ஏனென்றால் எல்லோருக்கும் அவன்தான் வேண்டும். சக்கரம் சத்தமில்லாமல் உருளும். கைப்பிடியின் ஸ்பிரிங் புத்தம் புதியது. கீழே அழுத்திவிட்டுக் கையை எடுத்தால் விறைப்பாகத் துள்ளி நிமிர்ந்துகொள்ளும். மற்ற வண்டிகளின் கைப்பிடிகள் எல்லாம் எப்போதோ உயிரை விட்டுவிட்டுத் தொங்கிக்கொண்டிருந்தன.

ஷிப்ட் முடியும்போது மாப்பிள்ளையை ஒளித்து வைத்துவிட்டுப் போவது வழக்கம். பிரஸ் ஷாப்காரர்கள் ஸ்கிராப் தொட்டிக்குப் பின்னால் ஒளிப்பார்கள். டிஸ்பாட்ச்காரர்கள் காலி அட்டைப்பெட்டிகளுக்குள் புதைப்பார்கள். ஒருமுறை சைக்கிள் ஸ்டாண்டில், சைக்கிள் செயினால் பூட்டி வைத்திருந்ததைத் தேவராஜ் கண்டுபிடித்தார். அடுத்த ஷிப்ட்காரர்கள் வந்ததும் வேலை தொடங்குவதற்கு முன்னால் தேடுதல் வேட்டை நடக்கும். எனக்கு எல்லாம் தெரியும். உற்பத்தி நடக்கிறதே என்று கண்டுகொள்ளாமல் இருந்தேன்.

ஒருநாள் காலை, ஷிப்ட் தொடங்கிய சூட்டோடு தேவராஜ் மூச்சு வாங்க வந்தார். "மேடம், ரத்தம். மாப்பிள்ளைக்காக."

டிஸ்பாட்ச் ஏழுமலையும் பிரஸ் ஷாப் சோலைராஜும். ஏழுமலை சேரப்பணஞ்சேரிக்காரன். விவசாயக் குடும்பம், அந்த ஊரில் பாதிப் பேர் அவனுக்கு மாமன் மச்சான். சோலைராஜ் அருப்புக்கோட்டைப் பக்கத்திலிருந்து வந்தவன். ஐ.டி.ஐ. முடித்து, தண்டலத்தில் ஒரு ரூமில் ஊர்க்காரர்களோடு நெருக்கியடித்துத் தங்கியிருந்தான். டிரெய்னி. அந்த மாதம் வேலை நிரந்தரமாகி, கன்ஃபர்மேஷன் வர வேண்டியவன். அட்டைப்பெட்டிக் குவியலுக்குள் இருந்த மாப்பிள்ளையை சோலைராஜ் கண்டுபிடித்து இழுத்திருக்கிறான், ஏழுமலை ஓடிவந்து மறித்திருக்கிறான். அடுத்து எல்லோரும் பார்த்தது, சோலைராஜின் மோவாயிலிருந்து யூனிஃபார்ம் மேல் ரத்தம் வழிந்ததைத்தான்.

அதற்குள் பிளாண்ட் மேனேஜரிடமிருந்து போன் வந்துவிட்டது. அவர் கோயம்புத்தூர்க்காரர். நல்ல மனிதர், பேச்சிலே மரியாதை குறையாது, ஆனால் முடிவு எடுத்துவிட்டால் அசைய மாட்டார். மறுநாள் காலை கார் கம்பெனிக்காரர்கள் ஆடிட்டுக்கு வருகிறார்கள். அவர் ஏற்கெனவே வேப்பிலை இல்லாமல் சாமியாடிக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க மேடம், ஷாப் ஃப்ளோர்ல குஸ்தி போட்டிருக்கறானுங்க ரெண்டு பேரும். அஸால்ட்டுன்னு எழுதுங்க. இன்னைக்கே சஸ்பெண்ட் பண்ணி, அப்புறம் என்கொயரி வெச்சு வெளிய அனுப்பீரலாம்."

"சார், என்ன நடந்ததுன்னு இன்னும் நான் கேக்கவே இல்ல."

"கேக்கறதுக்கு என்னங்க இருக்குது? ரத்தம் வந்திருக்குது. முன்னால இருந்த மில்லுல இப்படித்தான் ஒரு சண்டையச் சின்னதுன்னு விட்டுப்போட்டேன். அது ஊர்ச் சண்டையாகி, கேட்ட இழுத்து மூடற அளவுக்குப் போயிருச்சு. மறுக்கா அந்தத் தப்ப நான் பண்ண மாட்டேனுங்க. சாயங்காலத்துக்குள்ள ரிப்போர்ட் வேணும்."

அவர் பயத்திலும் நியாயம் இருந்தது. உள்ளூர்க்காரன் ஒருவன், தெற்கத்திக்காரன் ஒருவன். கேன்டீனில் அன்றைக்கு இரண்டு தரப்பும் தனித்தனி மேஜையில் உட்கார்ந்து முறைத்துக்கொண்டிருந்தார்கள். எனவே என் முன்னால் இருந்தது இதுதான்: அஸால்ட் என்று நான் எழுதினால் இரண்டு குடும்பத்துக்கு வேலை போகும். ஸ்கஃபிள் என்று எழுதினால் ஒரு எச்சரிக்கைக் கடிதத்தோடு முடியும். ஆனால் ரத்தம் வந்த சண்டையை, பாவம் பார்த்து ஸ்கஃபிள் என்று எழுதினால் அது பொய். இதை நன்றாகக் கேட்டுக்கொள்ளுங்கள். ஒருவனைக் காப்பாற்றுவதற்காகச் சின்ன வார்த்தையும், ஒருவனை விரட்டுவதற்காகப் பெரிய வார்த்தையும் எழுதுகிறவர்கள் கையில் அப்புறம் எந்த வார்த்தைக்கும் மதிப்பு இருக்காது.

முதலுதவி அறைக்குப் போனேன். சோலைராஜ் பஞ்சை வைத்து அழுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தான். நர்ஸ் பஞ்சை எடுத்துக் காட்டினார். காயம் மோவாய்க்கு அடியில். அதை ஒட்டி, கழுத்துப் பக்கமாகக் குறுக்கே ஒரு கோடு கிரீஸ். குத்து விட்டால் முகத்தில் விழும், கன்னத்தில் விழும். மோவாய்க்கு அடியில், அதுவும் கிரீஸோடு, யார் குத்துவார்கள்? எனக்கு அப்போதே மாப்பிள்ளையின் கைப்பிடிமேல் சந்தேகம் விழுந்துவிட்டது.

"சோலைராஜ், உண்மையைச் சொல்லு. அவன் அடிச்சானா, வண்டி அடிச்சிதா?"

அவன் முகம் போன போக்கைப் பார்க்க வேண்டுமே! அவன் அம்மாவைத் திட்டியிருந்தால்கூட அப்படி ரோஷப்பட்டிருக்க மாட்டான். "வண்டியா? என்னா மேடம் இப்பிடிக் கேக்குறீக? அவன்தான் அடிச்சான். நானும் விடலையே. திருப்பி ரெண்டு குடுத்தேன்ல. பூராப் பேரும் பாத்துக்கிட்டுத்தான இருந்தாய்ங்க."

"எங்க குடுத்தே?"

"மூஞ்சியில."

ஏழுமலையைக் கூப்பிட்டேன். அவன் மூஞ்சியில் ஒரு கீறல்கூட இல்லை. எண்ணெய் தடவி வாரிய தலை கலையக்கூட இல்லை. ஆனால் நடையைப் பார்த்தால் நாடகத்தில் ராஜபார்ட் வருவது போல இருந்தது. டிஸ்பாட்சில் அதற்குள் அவனை ஹீரோவாக்கிவிட்டார்கள். "ஒரே குத்து, ஆளு சாய்ஞ்சிட்டான்" என்று பார்க்காதவர்களும் பார்த்தவர்களுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

"ஏழுமலை, வண்டியோட கைப்பிடி பட்டுதானே ரத்தம் வந்துது?"

"இன்னா மேடம் நீங்க? நான்தான் குத்துனேன். இதோ இந்தக் கையாலதான். கைப்புடியாம் கைப்புடி! எங்க ஊர்ல இன்னா சொல்லுவான்? ஏழுமலை வண்டிய வுட்டு அடிச்சான்னு சொல்ல மாட்டான்?"

"அடிச்சேன்னு நீ சொன்னா வேலை போயிடும்டா."

கொஞ்சம் யோசித்தான். யோசித்துவிட்டு மீசையைத் தடவினான். "போனா போவட்டும் மேடம். மானம் போவக் கூடாது."

எனக்கு வந்த கோபத்துக்கு அவனை நானே அடித்திருப்பேன், அது அஸால்ட் ஆகிவிடும் என்பதால் விட்டேன். எனக்கு இருந்த அனுபவத்தில், அடித்தவர்கள் இல்லை என்று சத்தியம் செய்வதைத்தான் பார்த்திருக்கிறேன். அடிக்காதவர்கள் இரண்டு பேர், அடித்தோம் என்று சாதிப்பதை அன்றுதான் பார்த்தேன். நாளைக்கு நீங்களும் பார்ப்பீர்கள். ஒருவன் வாயால் ஒப்புக்கொண்டான் என்பதாலேயே அது நடந்தது என்று நம்பிவிடாதீர்கள். பயத்தில் பொய் சொல்வதைப் போலவே பெருமைக்காகவும் மனிதர்கள் பொய் சொல்வார்கள். இரண்டாவது வகைதான் மகா பிடிவாதம்.

தேவராஜிடம் கேட்டேன். அவரும் நேரில் பார்க்கவில்லை. "மேடம், என் கணக்குப்படி கை பொருளு மேலதான் போயிருக்கும். ஆனா ரெண்டு பேரும் அடிச்சேன்னு சொன்னா நான் இன்னா எழுதறது? அஸால்ட்டுதான்" என்று ரிப்போர்ட் எழுதும் பேடை நீட்டினார். முதல் வரி எழுதித் தயாராக இருந்தது.

நான் மேனேஜர் அறைக்குப் போனேன். "சார், ரிப்போர்ட் தர்றேன். அதுக்கு முன்னாடி நடந்த எடத்துக்கு நீங்க ஒரு தடவை வரணும். அந்த ரெண்டு பேரையும் நடந்ததை நடந்தபடி செஞ்சு காட்டச் சொல்றேன். பாத்துட்டு நீங்களே வார்த்தையைச் சொல்லுங்க. நான் எழுதறேன்."

"எனக்கு நேரமில்லீங்களே" என்றவர், டிஸ்பாட்ச் பக்கம் தரையில் மஞ்சள் கோடு போட்டு முடித்துவிட்டார்களா என்று பார்க்க வேண்டும் என்பது ஞாபகம் வந்து, "செரி, வாங்க" என்று எழுந்தார்.

என் திட்டம் எளிமையானது. இவர்கள் இருவரும் கட்டிய கதை ஒன்றோடு ஒன்று ஒட்டாது என்பது எனக்கு நிச்சயமாகத் தெரியும். முதலில் அதை மேனேஜர் பார்க்கட்டும். அப்புறம் ஒரு அட்டைப்பெட்டியை எடுத்து, குனிந்த ஆளின் மோவாய் உயரத்தில் தேவராஜைப் பிடித்துக்கொள்ளச் சொல்லி, மாப்பிள்ளையின் கைப்பிடியை அழுத்திவிட்டு விட வேண்டும். பெட்டி நசுங்குவதைப் பார்த்தாலே அவருக்குப் புரிந்துவிடும்.

டிஸ்பாட்சில் மாப்பிள்ளை ஒன்றும் தெரியாதவன் போல நின்றுகொண்டிருந்தான். சுற்றிலும் கூட்டம். ஒரு பக்கம் சேரப்பணஞ்சேரி, எதிர்ப்பக்கம் தெற்கத்தி ஆட்கள். நடுவில் இவர்கள் இருவரும்.

"எப்படி அடிச்சே, காட்டு" என்றேன் ஏழுமலையிடம். அவன் வலது கையை மடக்கி, சோலைராஜின் இடது கன்னத்துக்கு நேராகக் கொண்டுபோனான்.

"அங்க இல்லடா, மோவாயில" என்று சோலைராஜ் பல்லைக் கடித்துக்கொண்டு முணுமுணுத்தான்.

ஏழுமலை கையை இறக்கிக் கீழேயிருந்து மேலே கொண்டுவந்து பார்த்தான். நடுவில் மாப்பிள்ளை நின்றதால் கை எட்டவில்லை. ஒரு அடி தள்ளி நின்று பார்த்தான். அப்போதும் எட்டவில்லை.

"நீ கொஞ்சம் குனியேன்" என்றான் சோலைராஜைப் பார்த்து.

அடி வாங்கியவன் அடித்தவனுக்கு வசதியாகக் குனிந்து கொடுத்தான். கூட்டத்தில் யாரோ பிடித்து வைத்திருந்த சிரிப்பு வெடித்துவிட்டது. இரண்டு பக்கமும் சிரித்தது. மேனேஜருக்கு மட்டும் சிரிப்பு வரவில்லை.

"என்னுங்க மேடம் இது, கூத்தா? மொதல்ல இந்த வண்டிய அக்கட்டத் தள்ளுங்க. மஞ்சக் கோட்டு மேல நிக்குது. நாளைக்கு வர்றவங்க இதையத்தான் மொதல்ல பாப்பாங்க" என்றவர், யாரும் வருவதற்குள் தானே போய்க் கைப்பிடியைப் பிடித்துக் கீழே அழுத்தி இழுத்தார். வண்டி நகர்ந்தது. சக்கரத்துக்கு அடியில் பெயிண்ட் ஈரமாக இருந்திருக்கிறது. மஞ்சள் கோட்டில் கரிய தடம் விழுந்துவிட்டது.

"அட, புதுக் கோடு போச்சே!" என்று அவர் பதறிக்கொண்டு குனிந்தார். குனிந்தவர் கைப்பிடியிலிருந்து கையை எடுத்துவிட்டார்.

நான் கத்துவதற்கு வாயைத் திறந்ததுதான் தெரியும். டக்கென்று ஒரு சத்தம். மேனேஜர் மோவாயைப் பிடித்துக்கொண்டு அப்படியே பின்னால் போய் ஒரு பெட்டியின் மேல் உட்கார்ந்துவிட்டார். விரல் இடுக்கில் ரத்தம்.

சோலைராஜ் பாய்ந்து போய் அவர் தோளைத் தாங்கிக்கொண்டு கத்தினான்: "அய்யய்யோ சார், எனக்கும் இதே எடத்துலதான் சார்! இதே கைப்பிடிதான் சார்! பல்ல அழுத்திக் கடிச்சுக்கங்க, நாக்கு மாட்டீரும்!"

ஏழுமலை தன் சட்டைப் பையிலிருந்த புதுக் கர்ச்சீப்பை உருவி மடித்து மேனேஜரின் மோவாய்க்கு அடியில் வைத்து அழுத்தினான். "அவன் குனிஞ்சி வண்டிய இழுத்தான், அழுத்திப் புடிச்சிருந்த கைய நான் எடுத்தேன் சார், அவ்ளோதான். வுட்டதும் படார்னு எழுந்து அவன் மூஞ்சிய அடிச்சிடிச்சி. நான் பயந்துட்டேன் சார். செத்துட்டான்னே நெனச்சேன்" என்றான். காலையிலிருந்து ஹீரோவாகத் திரிந்தவன் அந்தப் பயத்தை வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறான். எனக்கு அவன்மேல் இருந்த கோபம் எல்லாம் அந்த இடத்திலேயே போய்விட்டது.

சத்தியமாகச் சொல்கிறேன், மேனேஜருக்கு அடிபட வேண்டும் என்று நான் திட்டமிடவில்லை. என் திட்டம் அட்டைப்பெட்டிதான். பிறகு வந்தவர்கள் எல்லாம், திட்டம் போட்டு மேனேஜரை அடிக்க வைத்தவள் என்று எனக்குப் பட்டம் சூட்டிவிட்டார்கள், நானும் ரொம்ப மறுக்கவில்லை.

தேவராஜ் பேடோடு முன்னால் வந்து அட்டென்ஷனில் நின்றார். "சார், காலையில நடந்தத எந்த ஹெட்ல எழுதறது?"

மேனேஜர் கர்ச்சீப்பை அழுத்தியபடி முதலில் ஏழுமலையைப் பார்த்தார், சோலைராஜைப் பார்த்தார், கடைசியில் மாப்பிள்ளையைப் பார்த்தார். "ஸ்கஃபிளுன்னே எழுதுங்க" என்றார்.

"இப்ப நடந்தது சார்?"

"அதையெல்லாம் எதுக்குங்க எழுதிக்கிட்டு!"

அதோடு விடவில்லை நான். காலையில் நடந்தது ஸ்கஃபிள், அவருக்கு நடந்தது விபத்து, இரண்டையும் அந்தந்தப் பெயரில் எழுதித்தான் கையெழுத்து வாங்கினேன். அடிக்கிற கைப்பிடி என்று எழுதினால்தானே ஸ்பிரிங்கைச் சரிசெய்ய மெயின்டெனன்ஸ்காரர்கள் வருவார்கள்? இரண்டு பையன்களுக்கும் பொருளைப் பிடித்து இழுத்ததற்காக ஒரு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தேன். ஏழுமலை வேலையில் இருந்தான். சோலைராஜுக்கு அந்த மாதமே கன்ஃபர்மேஷன் வந்தது. மேனேஜர் இன்னும் சில பேலட் ட்ரக்குகள் வாங்கிப் போட்டார். வந்த வாரமே அவற்றையும் ஒளித்து வைக்கத் தொடங்கிவிட்டார்கள், அது வேறு விஷயம்.

இருந்தாலும் ரூமில் கிண்டல் செய்வார்களே என்று சோலைராஜ் கொஞ்ச நேரம் முகத்தைத் தொங்கப் போட்டுக்கொண்டிருந்தான். "வண்டிகிட்ட அடி வாங்குனவன்னு ஓட்டியே கொன்னுருவாய்ங்க மேடம்" என்றான். "மேனேஜரையே அடிச்ச வண்டிடா அது, உன்னை அடிச்சதுல என்ன கேவலம்?" என்றேன். யோசித்துப் பார்த்து, அது பரவாயில்லை என்று ஒப்புக்கொண்டான். இருவரும் அன்று கேன்டீனில் ஒரே மேஜையில் உட்கார்ந்தார்கள். பின்னாலேயே மற்ற மேஜைகளும் கலந்துவிட்டன.

மறுநாள் காலை ஆடிட்டுக்கு வந்தார்கள். மேனேஜர் புதுச் சட்டை போட்டு, மோவாயில் வெள்ளைப் பிளாஸ்திரி ஒட்டிக்கொண்டு அவர்களை ஷாப் ஃப்ளோருக்குக் கூட்டிக்கொண்டு வந்தார். பின்னால் நான் போனேன். டிஸ்பாட்ச் வாசலில், அதே இடத்தில் அதே மாதிரிப் பிளாஸ்திரியோடு சோலைராஜ், பக்கத்தில் ஏழுமலை, நடுவில் மாப்பிள்ளை. வந்தவர்களில் மூத்தவர் மேனேஜரின் மோவாயைக் காட்டி, என்ன ஆயிற்று என்று அக்கறையாகக் கேட்டார்.

மேனேஜர் மாப்பிள்ளையை ஒரு கணம் பார்த்தார். அந்தக் கைப்பிடியைக் காட்டி இதுதான் அடித்தது என்று சொல்ல எவ்வளவு நேரம் ஆகும்? நெஞ்சைக் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டார்.

"ஒண்ணுமில்லீங்க சார்" என்றார். "நேத்து ஒரு சின்ன ஸ்கஃபிள்."

எனக்குப் பின்னாலிருந்து ஏழுமலையின் குரல் மெதுவாகக் கேட்டது. "பாத்தியாடா சோலை? அவருக்கும் மானம்னு ஒண்ணு கீதில்ல."